"நீங்க யாரை அடிச்சீங்க?": காலேஜ் ஃபுட்பால் ஷெட்யூல் சண்டைக்குப் புதுசா வர்றவங்களுக்கு

அமெரிக்காவுல ஏதாவது ஒரு காலேஜ் டவுனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கீங்கன்னா, ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் உங்களைச் சுத்தி காலேஜ் ஃபுட்பால் (நம்ம ஊர் ஃபுட்பால் இல்ல, பந்தைக் கையில தூக்கிட்டு ஓடற அமெரிக்கன் ஃபுட்பால்) பேச்சுதான் ஓடும். யார் ஜெயிச்சாங்கங்கறது அதுல பாதிதான், மீதி பாதி "உங்க டீம் யாரை அடிச்சுச்சு, எங்க ஷெட்யூல் தெரியுமா, எங்க ஷெட்யூல்ல நீங்க ஆடியிருந்தா நாலு தோத்திருப்பீங்க"ன்னு போகும்.

நான் வந்த முதல் வருஷம் லேப்ல மதியம் சாப்பிடும்போது "நம்ம டீமுக்குத்தான் நாட்டுலயே கஷ்டமான ஷெட்யூல்"னு சொன்னேன். ஆகஸ்ட்ல படிச்ச ஒரு லிஸ்ட்ல அப்படித்தான் இருந்துச்சு. நான் சொன்னது அக்டோபர் கடைசில. ரொம்ப வருஷமா அங்கேயே இருக்கற டெக்னீஷியன் ஒருத்தர் பதிலே பேசாம ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, எங்க டீமோட 12 எதிராளிங்க பேரையும் மனப்பாடமா எழுதி, பக்கத்துல ஒவ்வொரு டீமும் அன்னிக்கு வரைக்கும் எத்தனை ஜெயிச்சு எத்தனை தோத்திருக்குன்னும் எழுதி என் டிஃபன் பாக்ஸ் பக்கத்துல வெச்சார். அதுல 7 டீம் ஜெயிச்சதை விட அதிகமா தோத்திருந்துச்சு. எனக்குப் பேச ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு சீசன் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டதை வரிசையா எழுதறேன், நீங்க அந்த டேபிள்ல உக்காரும்போது கையில ஏதாவது இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். மேல் டிவிஷனான எஃப்பிஎஸ்ல 2025 கணக்குப்படி 136 டீம், ஒவ்வொண்ணுக்கும் ரெகுலர் சீசன்ல 12 மேட்ச்தான். அதனால எல்லாரும் எல்லாரையும் சந்திக்கவே முடியாது. ஒரே பரீட்சை, ஆனா ஆளுக்கொரு கொஸ்டின் பேப்பர். மார்க்கை மட்டும் வெச்சு ரேங்க் போட்டா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல கட்ஆஃப் போட்டவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். இந்தச் சண்டை முழுக்க அந்தக் கொஸ்டின் பேப்பரைப் பத்தினதுதான்.

1. எந்தக் கேள்விக்காக சண்டை போடறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இதுலதான் பாதிப் பேர் விழறாங்க. "ஷெட்யூல் கஷ்டம்"ங்கற ஒரே வார்த்தைக்குள்ள மூணு வேற வேற கேள்வி இருக்கு. ஒண்ணு, இனிமே வரப்போற மேட்ச்ல நம்ம டீம் எத்தனை ஜெயிக்கும்? ரெண்டு, இதுவரைக்கும் ஆடின மேட்ச்சை வெச்சுப் பார்த்தா கையில இருக்கற ரெக்கார்டுக்கு எவ்வளவு மதிப்பு? மூணு, தேசிய சாம்பியனை முடிவு பண்ற, 12 டீம் போற பிளேஆஃப்ல இந்த டீமுக்கு இடம் குடுக்கணுமா?

முதல் கேள்விக்கு ஆகஸ்ட் லிஸ்ட் ஓரளவு உதவும். ரெண்டாவதுக்கு அது எதுக்குமே ஆகாது. மூணாவதுக்கு 13 பேர் இருக்கற செலக்‌ஷன் கமிட்டி என்னென்ன பார்க்கறாங்கன்னு தெரிஞ்சிருக்கணும்: ஷெட்யூலோட பலம், நேருக்கு நேர் ஆடினதுல யார் ஜெயிச்சாங்க, ரெண்டு பேரும் சந்திச்ச பொது எதிராளிகிட்ட என்ன நடந்துச்சு, கான்ஃபரன்ஸ் (சீசன்ல பெரும்பாலும் தங்களுக்குள்ளயே ஆடிக்கற டீம்களோட கூட்டம்) சாம்பியனா இல்லையா, முக்கியமான பிளேயருக்கு அடி பட்டிருக்கா, இப்படி. எதிர்ல இருக்கறவர் ரெண்டாவது கேள்வியைப் பேசிக்கிட்டிருக்க நீங்க முதல் கேள்விக்குப் பதில் சொன்னா அது முடியவே முடியாது, நான் ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்து முழுக்க அப்படிப் பேசி வீணாக்கியிருக்கேன்.

2. 12 வரி ஷீட் ஒண்ணு ரெடி பண்ணுங்க

தேவையான டாக்குமென்ட் ரெண்டே ரெண்டுதான். உங்க யுனிவர்சிட்டி அத்லெடிக்ஸ் சைட்ல இருக்கற ஷெட்யூல் பக்கம் ஒண்ணு, எதிராளி டீம்களோட ரிசல்ட் ஒண்ணு. ரெண்டாவதை ஈஎஸ்பிஎன் சைட்லயோ ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் சைட்லயோ எடுத்துக்கலாம், ரெண்டுமே ஓசிதான். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து எதிராளி பேரு, ஹோமா அவேயா, ஆடின அன்னிக்கு அவங்க ரேங்க், இன்னிக்கு அவங்க ரெக்கார்டு, ஸ்கோரு, முந்தின வாரம் ரெண்டு பேர்ல யாருக்கு ரெஸ்ட்டு, இவ்வளவு கட்டம் போதும்.

"ஆடின அன்னிக்கு ரேங்க்"கையும் "இன்னிக்கு ரெக்கார்டு"ஐயும் கண்டிப்பா தனித்தனி கட்டமா வைங்க. ஏன்னா, 2025 செப்டம்பர் 27 அன்னிக்கு ஓரிகன் டீம் பென் ஸ்டேட் மைதானத்துக்கே போய் டபுள் ஓவர்டைம்ல 30-24னு ஜெயிச்சுச்சு. அப்போ பென் ஸ்டேட் நாட்டுலயே மூணாவது ரேங்க், அன்னிக்கு ராத்திரி எல்லாரும் இதுதான் சீசனோட பெரிய வெற்றின்னாங்க. அடுத்த வாரம் அதுவரைக்கும் ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத யூசிஎல்ஏ கிட்ட பென் ஸ்டேட் தோத்துச்சு, அதுக்கடுத்த வாரம் நார்த்வெஸ்டர்ன் கிட்டயும் தோத்துச்சு, கோச்சையே மாத்திட்டாங்க. ஓரிகன் பாவம், ஆடின ஆட்டம் அதேதான், ஆனா நவம்பர்ல அந்த வரியோட மதிப்பு பாதியாயிடுச்சு. இதே கதை ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கும் நடந்துச்சு: முதல் வாரம் அலபாமாவை 31-17னு அடிச்சாங்க, சீசன் முடியும்போது 5-7, அதாவது 5 ஜெயிச்சு 7 தோல்வி.

உல்டாவாவும் நடக்கும். இண்டியானா 2025ல கான்ஃபரன்ஸுக்கு வெளிய ஆடினது ஓல்ட் டொமினியன், கென்னெசா ஸ்டேட், அப்புறம் கீழ் டிவிஷனான எஃப்சிஎஸ்ல இருந்து இண்டியானா ஸ்டேட். ஆகஸ்ட்ல அந்த லிஸ்ட்டைப் பார்த்து சிரிச்சாங்க. கென்னெசா ஸ்டேட் அந்த வருஷம் கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏ சாம்பியனாவே ஆயிடுச்சு.

3. கணக்கு போடுங்க, ஆனா உங்க மேட்ச்சைக் கழிச்சிட்டுப் போடுங்க

ரொம்ப சிம்பிளான பழைய ஃபார்முலா ஒண்ணு இருக்கு. எதிராளிங்க எல்லாரோட வெற்றி விகிதத்தை ரெண்டால பெருக்கி, அந்த எதிராளிங்களோட எதிராளிங்க வெற்றி விகிதத்தைக் கூட்டி, மூணால வகுக்கணும். அவ்வளவுதான், பேப்பர்லயே போடலாம்.

எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா எதிராளியோட ரெக்கார்டுல உங்களோட ஆடின மேட்ச்சையும் சேர்த்துடறது. அதனால எவ்வளவு கெடும்னு பாருங்க. உங்க 12 எதிராளிங்களும் உங்களைத் தவிர மத்தவங்க கூட ஆடினதுல மொத்தம் 77 ஜெயிச்சு 55 தோத்திருக்காங்கன்னு வைங்க, விகிதம் 0.583. நீங்க 11-1 டீமா இருந்து உங்க மேட்ச்சையும் சேர்த்தீங்கன்னா அது 78-66 ஆகி 0.542க்கு இறங்கிடும். அதே எதிராளிங்களோட ஆடி நீங்க 3-9ன்னு வாங்கியிருந்தா 86-58, 0.597. அதாவது அதே 12 டீம்தான், நீங்க நல்லா ஆடினா ஷெட்யூல் லேசு மாதிரியும் மோசமா ஆடினா கஷ்டம் மாதிரியும் காட்டும். கழிச்சுட்டு 0.583ஐ எடுத்துக்கிட்டு, ரெண்டாவது அடுக்கு 0.520ன்னு வந்தா, விடை 0.562.

எஃப்சிஎஸ் டீம் ஒண்ணு லிஸ்ட்ல இருந்தா அதோட 9-2 ரெக்கார்டை அப்படியே கூட்டிடாதீங்க, அது வேற டிவிஷன்ல வாங்கின மார்க்கு. அந்த வரியைத் தனியா வெச்சிருங்க.

ரெக்கார்டை மட்டும் நம்ப மனசு வரலேன்னா எஃப்பிஐ, எஸ்பி பிளஸ் மாதிரி ரேட்டிங்கைப் பாருங்க, அதெல்லாம் ஒவ்வொரு பிளேலயும் டீம் எப்படி ஆடுச்சுன்னு வரைக்கும் உள்ள போய்ப் பார்க்கும். இன்னொரு ஓசி வழி, மேட்ச்சுக்கு முன்னாடி வர்ற பாயின்ட் ஸ்ப்ரெட், அதாவது யார் எத்தனை பாயின்ட்ல ஜெயிப்பாங்கன்னு பெட்டிங் கம்பெனிங்க போடற கணிப்பு. காசு கட்டறதுக்காக இல்ல, எதிராளி எவ்வளவு பலம்னு அன்னிக்கு எல்லாரும் என்ன நினைச்சாங்கங்கறதுக்கு அது ஒரு ரசீது மாதிரி. 2024 செப்டம்பர் 7 அன்னிக்கு நோட்ரே டேம் நாலு டச்டவுன் (சுமார் 28 பாயின்ட்) வித்தியாசத்துல ஜெயிக்கும்னு எதிர்பார்த்த மேட்ச்ல நார்தர்ன் இல்லினாய் 16-14னு அவங்க வீட்டுலயே வந்து அடிச்சுட்டுப் போச்சு. அதே நோட்ரே டேம் அந்த சீசன்ல ஃபைனல் வரைக்கும் போச்சு.

4. யாருக்குக் கஷ்டம்னு கேளுங்க

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, இதைப் புரிஞ்சுக்கவே ஒரு வருஷம் ஆச்சு. ரெண்டு ஷெட்யூலோட சராசரி கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் ஒண்ணு இல்ல.

ஒரு ஷெட்யூல்ல 12 பேரும் நடுத்தர டீம். இன்னொண்ணுல 6 பேர் சூரப்புலி, 6 பேர் சோப்ளாங்கி. இப்போ ஒரு டாப் டீமை ரெண்டுலயும் விடுங்க. நடுத்தர டீமை அது ஒவ்வொரு தடவையும் 90 சதவீதம் ஜெயிக்கும்னா 12ஐயும் ஜெயிக்க 28 சதவீத வாய்ப்பு இருக்கு. சூரப்புலிங்க கூட பாதிக்குப் பாதின்னா அந்த ஆறையும் தாண்டி வர்றது 64ல ஒரு தடவைதான். அதனால டாப் டீமுக்கு ரெண்டாவது ஷெட்யூல் நரகம்.

இப்போ ஒரு நடுத்தர டீமை விடுங்க. அதுக்கு வேண்டியது 6 வெற்றி, அப்போதான் சீசன் முடிஞ்சு நடக்கற கூடுதல் மேட்ச்சான பௌல் கேமுக்குத் தகுதி. தன்னை மாதிரியே இருக்கற 12 பேரோட பாதிக்குப் பாதின்னு ஆடினா 6 இல்ல அதுக்கு மேல ஜெயிக்க 61 சதவீதம். ஆனா 6 சோப்ளாங்கியையும் 95 சதவீதம் அடிக்கும்னா, அந்த ஆறையுமே ஜெயிக்கறதுக்கு 73.5 சதவீதம், மேல இருக்கற ஆறு பேர்ல ஒருத்தர் சறுக்கினா இன்னும் ஜாஸ்தி. அதே ஷெட்யூல் இவங்களுக்கு லேசு. அதனால யாராவது "இது நாட்டுலயே 4வது கஷ்டமான ஷெட்யூல்"னா, எந்த மாதிரி டீமுக்குன்னு கேளுங்க. ஸ்ட்ரெங்த் ஆஃப் ரெக்கார்டுன்னு ஈஎஸ்பிஎன் போடற கணக்கு இதைத்தான் பண்ணுது, டாப் 25ல இருக்கற ஒரு சராசரி டீம் இதே ஷெட்யூல்ல ஆடியிருந்தா இந்த ரெக்கார்டு வந்திருக்குமான்னு பார்க்குது. கமிட்டியும் 2025 ஆகஸ்ட்ல பலமான டீமோட ஆடின மேட்ச்சுக்குக் கூடுதல் வெயிட் குடுக்கற மாதிரி தங்களோட கணக்கை மாத்தினாங்க.

5. "எங்க கான்ஃபரன்ஸ்ல எல்லாருமே பலம்"னு சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதை

சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், அதாவது எஸ்இசில 16 டீம், 2025 வரைக்கும் தங்களுக்குள்ள ஆளுக்கு 8 மேட்ச். மொத்தம் 64 மேட்ச், 64 வெற்றி, 64 தோல்வி. எந்த வருஷமும் அது மாறாது. அந்த 64 மேட்ச்சை எவ்வளவு கிளறினாலும் அந்தக் கான்ஃபரன்ஸ் பலமா இல்லையான்னு தெரியவே தெரியாது, எல்லாரும் பலம்னாலும் இதே கணக்கு, எல்லாரும் சொத்தைன்னாலும் இதே கணக்கு. வெளியாளோட ஆடற மிச்சம் 3, 4 மேட்ச்லதான் உண்மை தெரியும், அதுவும் பெரும்பாலும் செப்டம்பர்லயே முடிஞ்சுடும். அதனால அந்த மேட்ச்சை மட்டும் வேற கலர்ல அடிச்சு வைங்க.

மேட்ச் எண்ணிக்கையும் ஒண்ணு இல்லங்கறதைக் கவனிங்க. பிக் டென், பிக் 12 கான்ஃபரன்ஸ் ரெண்டுலயும் உள்ளுக்குள்ள 9 மேட்ச். எஸ்இசி 8ல இருந்து 9க்கு மாறறது 2026ல இருந்துதான். ஒரு மேட்ச்தானேன்னு விடாதீங்க, அந்த ஒண்ணுக்குப் பதிலா நவம்பர்ல ஒரு எஃப்சிஎஸ் டீமைக் கூப்பிட்டு அடிக்கறதும் கான்ஃபரன்ஸ் டீமோட மல்லுக்கட்டறதும் வேற வேற.

6. ஷீட்ல வராததையும் எழுதுங்க

சொந்த மைதானம்னா பொதுவா ரெண்டு, ரெண்டரை பாயின்ட் சாதகம்னு வெச்சுக்கலாம், ஆனா எல்லா மைதானமும் ஒண்ணு இல்ல. மிச்சிகன் ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உக்காரலாம். வயோமிங் டீம் ஆடற லாரமி 7,220 அடி உயரத்துல இருக்கு, கீழ இருந்து போறவங்களுக்கு கடைசி குவார்ட்டர்ல மூச்சு வாங்கும். 2024ல இருந்து வாஷிங்டன், யூசிஎல்ஏ மாதிரி மேற்குக் கரை டீம்லாம் பிக் டென்ல இருக்காங்க, நியூஜெர்சில ரட்கர்ஸோட ஆடணும்னா மூணு மணி நேர வித்தியாசம் தாண்டிப் போகணும். எதிராளி மேட்ச் இல்லாத வாரமான பை வீக்ல நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வர, நீங்க முந்தின சனிக்கிழமை ஓவர்டைம் ஆடிட்டுப் போறீங்கன்னா அதையும் ஒரு வார்த்தை குறிச்சு வைங்க.

7. உதாரணத்துக்கு ஒரு ஷீட்: டெக்ஸஸ் 2025

மேல சொன்னதெல்லாம் ஒரே இடத்துல பார்க்கணும்னா இதை விட நல்ல டீம் இல்ல. ஆகஸ்ட்ல நம்பர் 1. முதல் மேட்ச்சே ஒஹாயோ ஸ்டேட் மைதானத்துல, 14-7னு தோல்வி. அப்புறம் சான் ஹோசே ஸ்டேட், யூடெப், சாம் ஹூஸ்டன்னு மூணு லேசான ஹோம் மேட்ச். அடுத்து ஃப்ளோரிடாவுல 29-21 தோல்வி. டாலஸ்ல ஓக்லஹோமாவை 23-6னு ஜெயிச்சாங்க, கென்டக்கிலயும் மிசிசிப்பி ஸ்டேட்லயும் ஓவர்டைம்ல தப்பிச்சாங்க, வேண்டர்பில்ட்டை 34-31, ஜார்ஜியாகிட்ட 35-10னு உதை, ஆர்கன்ஸாவை 52-37, கடைசில அதுவரைக்கும் தோக்காத டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மை 27-17. மொத்தம் 9-3, பிளேஆஃப்ல இடம் இல்ல.

டெக்ஸஸ் ஆளுங்க சொல்றது, "ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பதிலா ஒரு சோப்ளாங்கியோட ஆடியிருந்தா 10-2, உள்ள போயிருப்போம், தைரியமா ஆடினதுக்குத் தண்டனையா?" நியாயமான கேள்விதான், இப்படியே போனா அந்த மாதிரி மேட்ச் வைக்கவே எல்லாரும் பயப்படுவாங்கன்னு எனக்கும் கவலையா இருக்கு, ஆகஸ்ட் கடைசில அந்த மாதிரி ஒரு சனிக்கிழமைக்காகத்தானே எட்டு மாசம் காத்திருக்கோம். ஆனா உங்க ஷீட்டைப் பார்த்தீங்கன்னா வலிக்கற வரி முதல் வரி இல்ல, அஞ்சாவது வரி. ஃப்ளோரிடா அந்த சீசன்ல 4-8. ஷெட்யூல் கஷ்டம்னு சொல்லித் தப்பிக்க முடியாத தோல்வி அது ஒண்ணுதான். நான் இந்த வாதத்துல ரெண்டு பக்கமும் உக்காந்து பேசியிருக்கேன், இந்த ஒரு வரியைக் காட்டினதும் பேச்சோட தொனியே மாறும்.

அதே வருஷம் நோட்ரே டேமும் மயாமியும் 10-2. மயாமி உள்ள, நோட்ரே டேம் வெளிய. ஆகஸ்ட் 31ல மயாமி 27-24னு ஜெயிச்சிருந்தாங்க. ரெண்டு டீமும் நேருக்கு நேர் மோதியிருந்தா ஷெட்யூல் கணக்கை மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க.

8. செலவு

ஷீட்டுக்கு செலவு இல்ல. எதிராளிங்க ஆடறதைப் பார்க்கத்தான் காசு போகும், அதுக்கும் அவசரப்பட்டு நாலு ஸ்ட்ரீமிங் சப்ஸ்கிரிப்ஷன் வாங்காதீங்க. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் எல்லாம் சாதாரண ஆன்டெனாவுலயே வரும், 20, 30 டாலர்ல ஒண்ணு வாங்கி ஜன்னல் பக்கம் ஒட்டினா பெரிய சனிக்கிழமை மேட்ச் நிறைய கிடைச்சிடும். ஸ்டூடன்ட் டிக்கெட் எடுக்கறதா இருந்தா செப்டம்பர் சோப்ளாங்கி மேட்ச்சோட விலையையும் ரைவல்ரி மேட்ச்சோட விலையையும் ஒப்பிட்டுப் பாருங்க, ஷெட்யூலோட பலம் அங்கேயே தெரியும். பெட் கட்டாதீங்க, இந்த ஷீட் அதுக்கு இல்ல.

டீம்களுக்கும் இதுல செலவு உண்டு. பெரிய யுனிவர்சிட்டி சின்ன டீமுக்குக் காசு குடுத்துக் கூப்பிட்டு ஆடறதை பை கேம்னு, அதாவது காசுக்கு வாங்கின மேட்ச்னு சொல்வாங்க. ரெஸ்ட்டுக்கு விடற பை வீக் வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. 2022ல டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 15 லட்சம் டாலர் குடுத்து வரவழைச்சு 17-14னு தோத்துச்சு. அதனால பை கேம்னா ஜெயிச்ச மாதிரிதான்னு எழுதிடாதீங்க.

9. எப்போ வாயைத் திறக்கணும்

ஆகஸ்ட்ல ஏபி போல் (பத்திரிகைக்காரங்க ஓட்டு போட்டு வர்ற ரேங்க் லிஸ்ட்) வந்ததும் ஷீட்டைத் திறந்து பேரு மட்டும் எழுதுங்க. செப்டம்பர் முழுக்க கேளுங்க, பேசாதீங்க, அப்போ இருக்கற ரேங்க்கெல்லாம் போன வருஷ ஞாபகம்தான். அக்டோபர் நடுவுல எல்லாரும் 6 மேட்ச் ஆடியிருப்பாங்க, அப்போ கணக்கு அர்த்தமா வர ஆரம்பிக்கும். நவம்பர் ஆரம்பத்துல இருந்து செவ்வாய்க்கிழமை ராத்திரி கமிட்டி ரேங்கிங் வரும், ஞாயித்துக்கிழமையே ஷீட்டை அப்டேட் பண்ணி வெச்சா புதன்கிழமை லஞ்ச்சுக்கு ரெடி. தேங்க்ஸ்கிவிங் வாரம் ரைவல்ரி மேட்ச், அடுத்த சனிக்கிழமை கான்ஃபரன்ஸ் ஃபைனல், மறுநாள் ஞாயிறு மதியம் 12 டீம் லிஸ்ட். நேரமெல்லாம் ஈஸ்டர்ன்ல சொல்வாங்க, நீங்க சென்ட்ரல்ல இருந்தா ஒரு மணி நேரம் கழிச்சுக்கங்க.

லிஸ்ட் வந்ததுக்கப்புறம் ஷீட்டை அழிச்சிடாதீங்க, ஜனவரி வரைக்கும் வைங்க. 2024ல இண்டியானா 11-1, ஒஹாயோ ஸ்டேட்கிட்ட 38-15னு தோத்தது தவிர பலமான டீமையே பார்க்கலைன்னு எல்லாரும் சொன்னாங்க, பிளேஆஃப் முதல் ரவுண்டுல நோட்ரே டேம்கிட்ட 27-17னு தோத்ததும் "பார்த்தீங்களா"ன்னாங்க. அடுத்த வருஷம் அதே மாதிரி லேசான செப்டம்பரோட ஆரம்பிச்ச இண்டியானா, பிக் டென் ஃபைனல்ல ஒஹாயோ ஸ்டேட்டை 13-10னு அடிச்சு, ஒரு மேட்ச் கூடத் தோக்காம 16-0ன்னு தேசிய சாம்பியன் ஆச்சு. லேசான ஷெட்யூல்னா டீம் லேசுன்னு அர்த்தம் இல்ல, இன்னும் சோதிக்கலைன்னுதான் அர்த்தம். சண்டையில இந்த ரெண்டையும் கலக்கறவங்க நிறைய பேர்.

புது ஷீட் ஆரம்பிக்கறதா இருந்தா டெக்ஸஸ்லயே ஆரம்பிங்க. 2026 செப்டம்பர்ல ஒஹாயோ ஸ்டேட் இந்தத் தடவை டெக்ஸஸோட ஊரான ஆஸ்டினுக்கு வரணும், எஸ்இசிக்குள்ள 9 மேட்ச் வேற. முதல்ல அந்த வரியைப் போடுங்க, ரெக்கார்டு கட்டத்தை அக்டோபர் வரைக்கும் காலியா விடுங்க.